மொட்டை மாடியில் முனகும் ஏசி

குவைத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல், மொட்டை மாடியில் இருக்கும் அவர் வீட்டு ஏசியின் அவுட்டோர் யூனிட் சில நொடிகள் ‘ம்ம்ம்’ என்று முனகுகிறது. பிறகு ‘டக்’கென்று ஓர் ஒலி, அதன்பின் அமைதி. சில நிமிடங்கள் கழித்து மீண்டும் அதே முனகல், அதே ‘டக்’. இரவில் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. மெக்கானிக் வந்து, கேஸ் குறைந்துவிட்டது என்று நிரப்பிவிட்டுப் போனார். மறுநாள் பிற்பகலில் பழைய முனகல் திரும்பிவிட்டது. கேஸ் குறைந்தால் இப்படிச் சத்தம் வருமா என்பது அவருடைய கேள்வி.

வராது. அந்த முனகல் கேஸின் குரல் அன்று, மோட்டாரின் குரல்.

அஞ்ச வேண்டாத ஒலிகளை முதலில் ஒதுக்கிவிடலாம். ஏசி நின்றதும் கேட்கும் ‘உஸ்’ஸொலி, குழாய்களில் உயர் அழுத்தமும் தாழ் அழுத்தமும் சமனாவதால் எழுவது. உள்ளே சுவரில் மாட்டிய பெட்டி நள்ளிரவில் ‘படக்’கென்று வெடிப்பது, பிளாஸ்டிக் விரிந்து சுருங்குவதால்; 80 சென்டிமீட்டர் நீளமுள்ள பலகை 20 டிகிரி குளிர்ந்தால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் சுருங்கும். ‘கிறீச்’ என்று இழுத்துக் கத்தினால் மட்டும் கவனம் தேவை: ஃபேன் மோட்டாரின் பேரிங்கில் கிரீஸ் வறண்டு, ஷமால் என்ற வடமேற்குப் பாலைக்காற்று கொண்டுவந்த புழுதி புகுந்திருக்கக்கூடும்.

இனி முனகலுக்கு வருவோம். குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று பதிவான 53.9 டிகிரி செல்சியஸை ஆசியாவின் உச்ச வெப்பநிலையாக உலக வானிலை அமைப்பு ஏற்றிருக்கிறது. அது நிழலில் அளந்த காற்றின் வெப்பம். 50 டிகிரிக் காற்றுக்குள் வெப்பத்தைத் தள்ள வேண்டுமானால், அவுட்டோர் காயில் எனப்படும் வளைகுழாய்க்குள் இருக்கும் கேஸ் 65 டிகிரி அளவில் திரவமாக வேண்டும். ஆர்-410ஏ என்ற கேஸுக்கு அந்நிலையில் வளிமண்டலத்தைப்போல் 40 மடங்குக்கும் மேலான அழுத்தம் இருக்கும். காயிலில் புழுதி அப்பியிருந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். இத்தனை பாரத்தோடுதான், கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரின் மோட்டார் இயங்க வேண்டும்.

அந்த மோட்டாரிடம் நான் வியந்து ரசிக்கும் ஒரு பலவீனம் உண்டு: வீட்டுக்கு வரும் ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தில் அதனால் தானாகப் புறப்பட முடியாது. காலால் மிதிக்கும் தையல் மெஷினை நினைத்துப் பாருங்கள். கால் பலகை மேலும் கீழும்தான் ஆடுகிறது. சக்கரமோ சுழல வேண்டும். பலகையையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி உச்சியிலோ அடியிலோ நேர்கோட்டில் நின்றுவிட்டால் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சக்கரம் அசையாது. கையால் சக்கரத்தை லேசாகத் தள்ளிவிட்டால் போதும், ஓடத் தொடங்கிவிடும். பின்பக்கம் தள்ளினால் பின்பக்கமாகவே ஓடி நூலை அறுக்கும். மோட்டாருக்குள் இருக்கும் ஒரே கம்பிச்சுருளின் (இதையும் காயில் என்றுதான் சொல்வார்கள்) காந்தப் புலமும் இப்படித்தான் முன்னும் பின்னும் ஆடுகிறதே தவிரச் சுழல்வதில்லை. எதிரெதிர்த் திசைகளில் சமபலத்தோடு சுழலும் இரண்டு புலங்களின் கூட்டாக அதைக் கணக்கிடலாம்; இரண்டும் சம அளவில் இழுப்பதால், மோட்டாரில் சுழல வேண்டிய பாகமான ரோட்டர் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

தையற்காரரின் கை செய்யும் வேலையை இங்கே மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர் என்ற பாகம் செய்கிறது. இரண்டாவது காயில் ஒன்றை முதலாவதற்குச் செங்குத்தாக வைத்து, அதில் பாயும் மின்னோட்டத்தைக் கெப்பாசிட்டர் ஏறத்தாழக் கால் சுற்று முந்த வைக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கால் சுற்று என்பது 5 மில்லிநொடி. அந்த இடைவெளியில் காந்தப் புலம் ஒரு காயிலிலிருந்து அடுத்த காயிலுக்கு நகர, ரோட்டர் அதைத் துரத்திக்கொண்டு சுழலத் தொடங்குகிறது.

கெப்பாசிட்டர் நலிந்தால் துரத்தலுக்கு வலுவில்லை. மின்னோட்டம் எத்திசையில் பாய்ந்தாலும் காந்தம் இரும்பை இழுக்கவே செய்யும் என்பதால், நொடிக்கு 50 சுற்றில் 100 இழுப்புகள். வாசகர் கேட்பது அந்த 100 ஹெர்ட்ஸ் அதிர்வைத்தான். ஆண்கள் பேசும் குரலின் அடிப்படைச் சுருதிக்கு அருகில் இருப்பதால்தான் அது மனித முனகல்போலத் தோன்றுகிறது. நின்ற மோட்டார், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுத்துச் சூடேற, பாதுகாப்பு சுவிட்ச் ‘டக்’கென்று துண்டிக்கிறது. ஆறியதும் மீண்டும் சேர்க்கிறது. இரவில் அழுத்தம் குறைவதால், நலிந்த கெப்பாசிட்டரே போதுமானதாகிவிடுகிறது.

கெப்பாசிட்டர் நலிவதும் அழகான கதை. மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின்மேல் அதனினும் மெல்லிய உலோகப் பூச்சு. படலத்தில் ஓட்டை விழுந்தால் சுற்றியிருக்கும் உலோகம் ஆவியாகி, அந்த இடத்தைத் தனிமைப்படுத்திக் காயத்தை ஆற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு முறை ஆறும்போதும் கொள்ளளவில் ஒரு துளி போய்விடும். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராய விதி; பாலைவன மாடியில் அது எவ்வளவு விரைவில் தீரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கேஸ் ஆண்டுதோறும் தீர்ந்துபோகும் என்ற நம்பிக்கையை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் பெட்ரோல்போல எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் நிரப்புவது பணத்தையும் காற்றையும் கெடுப்பது.

ஆகவே வாசகர் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது கெப்பாசிட்டரை மீட்டரில் அளந்து காட்டும்படி. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும், தாமாகத் தொடக் கூடாது. அதன்மேல் கொள்ளளவு 40 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்து மீட்டர் 30 காட்டினால் மாற்ற வேண்டும்; அப்படியே புழுதி அப்பிய அவுட்டோர் காயிலையும் தண்ணீரால் கழுவச் சொல்லலாம். புதிய கெப்பாசிட்டரோடும் முனகினால், கம்ப்ரசர் உள்ளேயே இறுகிவிட்டதா என்று பார்க்க வேண்டியிருக்கும். இன்வர்ட்டர் ஏசிகளின் கம்ப்ரசருக்கு இந்தக் கெப்பாசிட்டரே கிடையாது. அவற்றின் முனகலுக்குக் காரணத்தை எலக்ட்ரானிக் போர்டில் தேட வேண்டும்.