பச்சை பட்டனை விடச் சிவப்பு பட்டனுக்குத்தான் வேலை அதிகம்: எக்சாஸ்ட் ஃபேன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

குளியலறையில் ஓடும் சின்ன எக்சாஸ்ட் ஃபேனுக்கு ஒரு சுவிட்ச் போதும். பெரிய சமையல்கூடம், பெயின்ட் அடிக்கும் அறை, தரைக்கடியில் இருக்கும் கார் நிறுத்தம் மாதிரி இடங்களில் புகையையும் ஆவியையும் இழுத்து வெளியே தள்ளுகிற ஃபேனுக்கு மட்டும் ஏன் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி, அதன் முகத்தில் பச்சை, சிவப்பு என்று பட்டன்கள்?

அங்கே ஓடுவது பெரும்பாலும் மூன்று ஃபேஸ் மோட்டார். நேரடியாகக் கிளப்பினால் வழக்கமாக இழுக்கும் கரண்டைப் போல ஆறேழு மடங்கை முதல் சில வினாடிகளில் இழுக்கும். அதைச் சாதாரண சுவிட்ச் தாங்காது. அதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று உண்டு. கரண்ட் போய்த் திரும்பி வரும்போது, போட்ட சுவிட்ச் போட்டபடியே இருக்கும், ஃபேன் தானாகக் கிளம்பிவிடும். அந்த நேரம் பார்த்து யாராவது பெல்ட்டைச் சரிசெய்ய உள்ளே கையை விட்டிருந்தால்?

பெட்டிக்குள் நடு ஆள் காண்டாக்டர். அதற்குள் ஒரு கம்பிச் சுருள், அதாவது காயில். காயிலுக்குக் கரண்ட் போனால் அது காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை டக்கென்று இழுக்கும், அதோடு ஒட்டிய மூன்று சோடித் தொடுமுனைகள் சேர்ந்து மோட்டாருக்குக் கரண்ட் பாயும். காயிலை விட்டால் ஸ்பிரிங் தள்ளிப் பிரித்துவிடும். யானை எவ்வளவு கனம் என்றாலும் அங்குசம் கையளவுதானே, அது மாதிரிதான்: முப்பது ஆம்பியர் இழுக்கிற மோட்டாரை, ஓர் ஆம்பியரில் ஒரு துளி ஓடும் மெல்லிய ஒயர் ஆட்டி வைக்கிறது.

அதனால் பெட்டிக்குள் இரண்டு தனித்தனிப் பாதைகள். தடித்த ஒயர்களின் பாதை எளிது: எம்சிபி (ஷார்ட் சர்க்யூட் ஆனால் தானாக வெட்டும் சுவிட்ச்), காண்டாக்டர், ஓவர்லோடு ரிலே (மோட்டார் அதிகச் சுமையில் சூடேறாமல் காக்கும் கருவி), அப்புறம் மோட்டார். சூட்சுமம் எல்லாம் மெல்லிய ஒயரில்தான். காயிலுக்கு 230 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃபேஸிலிருந்து கிளம்பும் ஒயர் ஒரு ஃபியூஸ் வழியாக ஓவர்லோடு ரிலேயின் 95, 96 முனைகளுக்கு வரும், அங்கிருந்து சிவப்பு ஸ்டாப் பட்டன், அடுத்து பச்சை ஸ்டார்ட் பட்டன், கடைசியில் காயிலின் ஏ1 முனை. மறுபக்கம் ஏ2 நேராக நியூட்ரலுக்கு. வழியில் இருக்கிற ஒவ்வொருவரும் 'சரி' என்றால்தான் காயிலுக்குக் கரண்ட்.

பச்சை பட்டன் அழுத்தினால் மட்டும் சேரும், கையை எடுத்தால் விட்டுவிடும். அப்படியானால் விரலை எடுத்ததும் ஃபேன் நிற்க வேண்டும் அல்லவா? நிற்காது. காண்டாக்டரில் 13, 14 என்று எண் போட்ட சின்னத் துணைத் தொடுமுனை ஒன்று இருக்கும். அதை ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாகக் கட்டியிருப்பார்கள். காண்டாக்டர் இழுத்ததும் இதுவும் சேர்ந்துவிடும், அதற்கு மேல் காயில் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். ஹோல்டிங் என்று சொல்வது இதைத்தான். கரண்ட் ஒரு கணம் போனாலும் பிடி விட்டுப்போகும், திரும்பி வந்தாலும் யாராவது பச்சையை மறுபடி அழுத்துகிற வரை ஃபேன் அசையாது. ஒரே ஓர் ஒயரில் இவ்வளவு காரியம் நடக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

சிவப்பு பட்டன் நேர் எதிர். எப்போதும் சேர்ந்தே இருக்கும், அழுத்தினால் பிரியும். அழுத்தினால் சேர்ந்து 'நில்' என்று சொல்லும்படியும் செய்திருக்கலாமே, ஏன் செய்யவில்லை? பட்டனுக்குப் போகும் ஒயரை எலி கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அழுத்தினால் சேரும்' வகையாக இருந்தால் ஒயர் அறுந்தது யாருக்கும் தெரியாது. ஆபத்து நேரத்தில் ஓடிவந்து அழுத்தும்போதுதான் அது செத்துப்போனது தெரியவரும். இப்போது இருக்கிற முறையில் ஒயர் அறுந்த அந்தக் கணமே ஃபேன் நின்றுவிடும், தொந்தரவுதான், ஆனால் கோளாறு ஒளிந்துகொள்ள முடியாது. ஓவர்லோடின் 95, 96 முனைகளும், அவசர நிறுத்தக் குமிழும் இப்படி வரிசையில் உட்கார்ந்திருப்பது இதே காரணத்துக்காகத்தான்.

(காண்டாக்டர் பக்கத்தில் போனால் மெல்லிய முனகல் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் காந்தவிசை வினாடிக்கு 100 முறை பூஜ்ஜியத்துக்குப் போய்வருகிறது, இரும்பின் முகத்தில் பதித்த சின்னச் செம்பு வளையம் அந்த இடைவெளியை நிரப்பிப் பிடியை விடாமல் காக்கிறது. அந்த வளையம் உடைந்தால் முனகல் கடகடவென்ற சத்தமாகிவிடும்.)

ஓவர்லோடு ரிலேயையும் எம்சிபியையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறையப் பேர். எம்சிபியின் முதல் வேலை ஷார்ட் சர்க்யூட் ஆனால் உடனே வெட்டுவதும் ஒயரைக் காப்பதும். மோட்டார் மெல்ல மெல்லச் சூடேறிச் சாவதைத் தடுப்பது ஓவர்லோடு. அதற்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டைகள், மோட்டாரின் கரண்டே அவற்றைச் சூடாக்குகிறது. ஓர் உலோகம் மற்றதைவிட அதிகம் விரிவதால் பட்டை வளையும், போதுமான அளவு வளைந்தால் 95, 96 பிரியும், காண்டாக்டர் விழும். மோட்டாரின் பெயர்ப்பலகையில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறதோ அதற்கு அதன் திருகியை வைக்க வேண்டும். அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று திருகியை ஏற்றி வைப்பது, காய்ச்சல் காட்டுகிறதே என்று தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி.

ஆனால் ஃபேன்களில் நியாயமான தொல்லை ஒன்று உண்டு. காற்றைத் தள்ளும் சக்கரமான பெரிய இம்பெல்லர் கனமானது, முழு வேகத்துக்கு வர நேரம் எடுக்கும், அதுவரை மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தபடி இருக்கும். வைத்த அளவைப் போல 7.2 மடங்கு கரண்டில் 10 வினாடிக்குள் விழுகிற கிளாஸ் 10 ரிலே, ஃபேன் கிளம்புவதற்குள்ளேயே விழுந்துவிடலாம். அங்கே 20 வினாடி வரை பொறுக்கும் கிளாஸ் 20 ரிலே போடுவார்கள். அல்லது மோட்டாரின் சுருள்களைக் கிளம்பும்போது ஒரு விதமாகவும் வேகம் வந்ததும் வேறு விதமாகவும் இணைக்கும் ஸ்டார்-டெல்டா போட்டுக் கிளம்பும் கரண்டை மூன்றில் ஒரு பங்காகக் குறைப்பார்கள், கிளப்பும் முறுக்குவிசையும் அதே அளவு குறையும் என்பதால் வேகம் எடுக்க இன்னும் நேரமாகும்.

சென்சார் வைத்துத் தானாக ஓட விடுவதும் உண்டு. பெட்டியில் 'கை', '0', 'ஆட்டோ' என்று ஒரு திருகு சுவிட்ச், ஆட்டோவில் வைத்தால் பச்சை பட்டனின் இடத்தில் சென்சாரின் தொடுமுனை வந்து உட்காரும். அப்போது ஹோல்டிங்குக்கு வேலை இல்லை, கரண்ட் திரும்பி வந்ததும் ஃபேன் தானாகக் கிளம்பும். முதலில் பயந்தது இதற்குத்தானே! அதனால்தான் ஃபேனுக்குப் பக்கத்திலேயே பூட்டுப் போடக்கூடிய ஐசொலேட்டர் (கரண்டை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும், கை வைப்பவர் அதைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று ஃபேஸில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். நேர்க்காற்று ஃபேன் என்றால் காற்று உள்ளே அடிக்கும், உடனே தெரிந்துவிடும். நத்தைக்கூடு மாதிரி உறை கொண்ட சென்ட்ரிஃபியூகல் ஃபேன் ஏமாற்றும். எதிர்ப்பக்கம் சுற்றினாலும் காற்றை அதே வழியில்தான் தள்ளும், ஆனால் நிறையக் குறைத்து. ஃபேன் ஓடுது, காற்றும் வருது, அப்புறம் ஏன் புகை போகமாட்டேன் என்கிறது என்று நாள் கணக்கில் தேடுவார்கள். உறையின் மேல் அச்சிட்ட அம்புக்குறியைப் பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை.

மோட்டார் ஓடுவது வேறு, காற்று நகர்வது வேறு. பெல்ட் அறுந்தாலும் காண்டாக்டர் பிடித்தபடி இருக்கும், பச்சை விளக்கு எரியும், சுமை குறைந்துவிட்டதால் ஓவர்லோடும் வாய் திறக்காது. காற்றே நகர்கிறதா என்று கேட்க, ஃபேனின் இரு பக்கமும் மெல்லிய குழாய் விட்டு அழுத்த வித்தியாசத்தை அளக்கும் சுவிட்ச் வைக்கிறார்கள். சமையல்கூடத்தில் அதை எரிவாயு வால்வோடு கட்டினால், காற்று இழுபடவில்லை என்றால் அடுப்புக்கு வாயுவே வராது.

இதுவரை பார்த்ததெல்லாம் சந்தேகம் வந்தால் நிறுத்து என்ற கணக்கு. தீ விபத்தில் புகையை வெளியேற்றும் ஃபேனுக்கு அந்தக் கணக்கு தலைகீழ். 400 டிகிரி செல்சியஸ் புகையில் 2 மணி நேரம் ஓடித் தாக்குப்பிடிக்கிற ஃபேன்களே தனி வகையாக உண்டு. தீ அறிவிப்பு வந்த பிறகு ஓவர்லோடு விழுந்தாலும் அது எச்சரிக்கை விளக்கை மட்டும்தான் ஏற்றும், காண்டாக்டரைத் தொடாது. உள்ளே ஆட்கள் இருக்கும்போது மோட்டார் எரிந்து போனாலும் பரவாயில்லை, கடைசி வரை ஓடட்டும் என்று அந்த இணைப்பை வேண்டுமென்றே சுற்றிவளைத்துப் போட்டிருப்பார்கள். சிவப்பு பட்டனின் அதிகாரமும் அப்போது போய்விடும், நிறுத்துகிற உரிமை தீயணைப்பு வீரர் கையில் இருக்கும் சாவி சுவிட்சுக்குத்தான்.