முட்கரண்டி அல்ல, முன்கவை

சைக்கிளின் முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்துக்கொண்டு மேலே ஹேண்டில்பாரோடு சேர்கிற பாகம் ஃபோர்க். கோவை கணபதிப் பட்டறைகளில் 'போர்க்கு'. கணினியிடம் தமிழ் கேட்டால் 'முட்கரண்டி' என்கிறது. நூடுல்ஸ் சாப்பிடவா சைக்கிள்?

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் 'ஃபுர்கா'. வைக்கோல் அள்ளுகிற, முனை பிரிந்த கோல் அது. சாப்பாட்டு மேசைக்கு அந்தச் சொல் வந்தது பிற்பாடுதான். நம்மிடம் அதற்கு நேரானது கவை: கிளை இரண்டாகப் பிரியும் இடம், அப்படிப் பிரிந்த கொம்பு. கவடு, கவட்டை எல்லாம் சொந்தக்காரர்கள். சங்கப் பாட்டில் 'கவைமக' என்றால் இரட்டைப் பிள்ளைகள். கொங்குக் காடுகளில் முள்வேலி அடைக்கும்போது முள்ளைத் தள்ளக் கவைக்கோல் வேண்டும். அதற்குக்கூட ஆகாத குச்சியிலிருந்து வந்ததுதான் 'கவைக்கு உதவாத' என்ற வசவு என்பார்கள். பள்ளி இயற்பியலில் இசைக்கவை இருக்கிறது. அப்புறம் சைக்கிளுக்கு மட்டும் ஏன் தயக்கம்? முன்கவை என்றே சொல்லலாம்.

போன மாதம் ஒரு பட்டறைக்கு 36 அங்குலச் சக்கரத்தோடு ஒரு பையன் வந்தான். பழைய கறுப்பு சைக்கிளின் 28 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ.; இதற்கு 787. "ஏனுங் தம்பி, போர்க்குக்குள்ள நுழையவே நுழையாதுங்களே!" என்றார் பட்டறைக்காரர்.

கவையின் கால்களை நீட்டினால் மட்டும் போதாது. ஹேண்டில் திரும்பும் அச்சுக்கோட்டைச் சாய்வாகவே கீழே நீட்டினால் தரையில் ஒரு புள்ளியைத் தொடும். டயர் தரையைத் தொடுவது அதற்குச் சற்றுப் பின்னால். இந்த இடைவெளிதான் ட்ரெயில். நான் 'பின்னிழைவு' என்பேன். தரையோடு அந்தக் கோட்டின் சாய்வு 72 பாகை, அச்சுக்கோட்டிலிருந்து சக்கர அச்சின் முன்தள்ளல் 45 மி.மீ. என்றால், 28 அங்குலத்தில் பின்னிழைவு சுமார் 68 மி.மீ. அதே அளவில் 36 அங்குலம் மாட்டினால் 101 ஆகிவிடும். மெதுவாகப் போகையில் ஹேண்டில் கனத்து, திரும்ப மறுக்கும். பழையபடி ஆக்க முன்தள்ளல் 76 மி.மீ. வேண்டும். கூடவே, கவையின் தண்டு நுழைந்து திரும்பும் தலைக்குழாயும் மேலேறும், ஆகவே பிரேமையும் புதிதாகக் கட்ட வேண்டும்.

பட்டறைக்காரர் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "முன்கவைக்கு எத்தனை வளைவு வைப்பீங்க?" என்று கேட்டேன்.

"கவைங்களா?" நிமிர்ந்து பார்த்தார். "எங்க அப்பாரு வேலியடைக்க வெச்சிருந்தாருங்களே, அதே மாதிரிதானுங்க இதும்" என்று சொல்லிவிட்டுக் குழாயை எடுக்கப் போனார்.