எண்ணினால் பாதி, பொருத்தினால் மீதி

வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைக் காட்டுங்கள். எந்தக் குழந்தையும் நடுவில் விரல் வைத்து வளையங்களை எண்ண ஆரம்பித்துவிடும். சரி, எண்ணட்டும். வயது தெரிந்ததும் எழுந்துபோய்விட்டால் பாதிப் பாடம் அங்கேயே கிடக்கும்.

அடுத்து, பட்டையிலிருந்து உள்நோக்கி எண்ணச் சொல்லுங்கள். பட்டைக்கு அடியில் உள்ள கேம்பியம் என்ற மெல்லிய அடுக்குதான் மரத்தின் புதிய பகுதியை உண்டாக்குகிறது. எனவே பட்டையை ஒட்டிய வளையம்தான் ஆகப் புதியது. மரம் வெட்டப்பட்ட ஆண்டு தெரிந்தால், தான் பிறந்த வருடத்து வளையத்தில் ஒரு குண்டூசி குத்தலாம். வளர்ச்சிக் காலத் தொடக்கத்தில் உருவாகும் செல்கள் பெரியவை, வெளிர்நிறம். முடிவில் வருபவை சிறியவை, சுவர் தடித்துக் கருத்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. (தென்னை, பனையில் தேடாதீர்கள். அவற்றுக்குக் கேம்பியமே கிடையாது.)

வறண்ட பகுதிகளில் மழை பொய்த்தால் வளையம் குறுகும். ஒரே வட்டாரத்து மரங்கள் எல்லாம் சேர்ந்தே குறுகும். இங்கேதான் ஒரு நீளக் காகிதத் துண்டு உதவுகிறது. கட்டையின் மேல் அந்தத் துண்டை வைத்து ஒவ்வொரு வளையத்துக்கும் கோடு போடச் சொல்லுங்கள். அப்புறம் வேறொரு மரத்துக்குக் கோடு போட்ட காகிதத் துண்டை அதன் பக்கத்தில் நகர்த்தினால், குறுகலும் அகலமும் ஓரிடத்தில் சட்டென்று ஒத்துப்போகும். பழைய மரத்தின் வெளிப்பகுதி புதிய மரத்தின் உட்பகுதியோடு பொருந்தினால், காலம் பின்னோக்கி நீளும்.

இந்த வேலையை முறையாகச் செய்து காட்டியவர் ஏ. ஈ. டக்ளஸ் என்ற வானியலாளர். சூரியன்மேல் தோன்றும் கரும்புள்ளிகள் கூடிக் குறையும் சுழற்சி மரத்தில் பதிந்திருக்குமா என்று தேடப்போனவர்! அமெரிக்காவின் தென்மேற்கில் பழங்குடிகள் கட்டிய வீடுகளின் உத்திரங்களை வைத்து அவர் 585 ஆண்டு வரிசை ஒன்றை அமைத்தார். ஆனால் அது எந்த நூற்றாண்டு என்று தெரியவில்லை, அந்தரத்தில் தொங்கியது. 1929இல் அரிசோனாவின் ஷோ லோ என்ற ஊரில் கருகிய உத்திரம் ஒன்று கிடைத்தது. அதன் வளையங்கள், தொங்கிய வரிசையையும் ஆண்டு தெரிந்த வரிசையையும் இணைத்தன. 1276இலிருந்து 1299 வரை நீடித்த கடும் வறட்சியும் அந்த வளையங்களில் தெரிந்தது.

வகுப்பில் ஒரு குழந்தையின் காகிதத் துண்டு மட்டும் ஓராண்டு தள்ளிப் பொருந்தினால் அழிக்கச் சொல்லாதீர்கள். கடும் வறட்சியில் சில மரங்கள் வளையமே போடாமல் விட்டுவிடும். சில ஆண்டுகளில், ஒரே ஆண்டை இரண்டாகக் காட்டும் போலி வளையமும் வரும். எது என்று பக்கத்துக் காகிதத் துண்டுகளைப் பார்த்து அவர்களே கண்டுபிடிக்கட்டும்.