எந்தத் தோட்டம், எந்தக் கணக்கு, எந்த லயம்?

“முதலில் அம்புலன்ஸை அனுப்புங்கள், கேள்வியைப் பிறகு கேளுங்கள்” என்று பதறும் குரல்களை, அவசர அழைப்புகளை ஏற்கும் என் பணியில் அடிக்கடி கேட்கிறேன். உயிருக்குப் போராடுபவரை மடியில் வைத்திருப்பவர் அப்படிக் கோபிப்பது இயல்பே. ஆனால், கேள்வி கேட்பவர் வண்டியை ஓட்டுபவர் அல்லர். இடம் தெளிவானதும் வண்டியை அனுப்பும் ஏற்பாடு ஒருபுறம் நடக்க, உங்களுடனான பேச்சு மறுபுறம் தொடர்கிறது.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் மிகக் கடினமானது முதற்கேள்விதான்: எங்கே இருக்கிறீர்கள்? லயம் அல்லது லயன் எனப்படும், தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகள் பலவற்றுக்கு வீதிப் பெயரோ தனி முகவரியோ இல்லை. தோட்டத்துக்கு நம்மவர் வழங்கும் பெயர் ஒன்று, பதிவிலுள்ள ஆங்கிலப் பெயர் வேறு. தோட்டத்தின் பிரிவைக் கணக்கு என்போம்; மேலேயுள்ள மேற்கணக்கும் கீழேயுள்ள பணியக்கணக்கும் எத்தனையோ தோட்டங்களில் உண்டு. கைபேசிக் கோபுரத்தை வைத்து இடத்தைக் கணித்தால் அது எதிர்மலையைக் காட்டிவிடவும் கூடும். கண்ணுக்குக் கூப்பிடு தூரமாகத் தெரியும் அந்த மலைக்கு வண்டி வளைந்து வளைந்து சுற்றித்தான் வரவேண்டும். ஆகவே அருகிலுள்ள நகரம், தோட்டத்தின் இரு பெயர்கள், கணக்கு, லயத்தின் இலக்கம், வண்டி எதுவரை ஏறும் என்பவற்றைச் சொல்லுங்கள். கோயிலுக்குப் பக்கம் என்பது போதாது, கோயில் இல்லாத தோட்டம் ஏது? ஒருமுறை இடம் சொல்லத் தெரியாமல் அழுத சிறுமியிடம், அவளுடைய அப்பியாசக் கொப்பியின் அட்டையில் எழுதியிருந்த பாடசாலையின் பெயரை வாசிக்கச் சொல்லித்தான் தோட்டத்தைக் கண்டறிந்தேன்.

அடுத்து, கூப்பிட்டால் பதில் சொல்கிறாரா, இயல்பாக மூச்சு விடுகிறாரா என்று கேட்போம். இதயம் நின்ற பிறகும் சிலரிடம் விட்டுவிட்டு இழுக்கும் மூச்சு சற்று நேரம் இருக்கும்; அதைக் கண்டு “மூச்சு இருக்கிறது” என்று வீட்டார் ஆறுதல் கொள்வதுதான் நான் மிகவும் அஞ்சும் பதில். வளர்ந்தவர் ஒருவர் அந்நிலையில் இருந்தால், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நெஞ்சின் நடுவே அழுத்தும்படி தொலைபேசியிலேயே வழிகாட்ட வேண்டியிருக்கும்.

கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டினால், எத்தனை பேருக்கு என்பது அனுப்பவேண்டிய வண்டிகளைத் தீர்மானிக்கிறது. முகமோ நாக்கோ வீங்குகிறதா, மூச்சு முட்டுகிறதா என்பது ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகிறதா என்பதைச் சொல்கிறது. வாய் கோணிப் பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம்; அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று கேட்போம். மூளைக்குச் செல்லும் இரத்தத்தை அடைக்கும் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணித்தியாலத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய, 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இன்று நாடெங்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பேசி முடிந்ததாகத் தோன்றினாலும் நாங்கள் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள். மூட்டம் இறங்கிய இரவானால், கையில் டோர்ச் லைட்டுடன் ஒருவரைப் பிரதான வீதிச் சந்திக்கு அனுப்பி வையுங்கள்.