ரேடியோவுக்குக் காயில் சுற்ற வேண்டாம் என்றால் காயிலே வேண்டாம் என்று அர்த்தமில்லை

கையால் காயில் (கம்பிச்சுருள்) சுற்றாமல், கடையில் கிடைக்கும் சோக்கை வைத்தே சிற்றலை ரேடியோ செய்யலாம். அப்படிச் செய்து வேலை செய்யவில்லை என்று என்னிடம் வந்ததில், இந்த மாதத்தில் இது மூன்றாவது போர்டு. “காயில் இல்லாத சிற்றலை ரேடியோ சார், எல்லாம் சரியாகத்தான் வைத்தேன், ஒரு விசில்கூட வரவில்லை.” பார்த்தால், டியூனிங் கெப்பாசிட்டருக்கு இணையாக மஞ்சள், ஊதா, தங்கப் பட்டைகளோடு குட்டியாக ஒன்று. மல்டிமீட்டரை வைத்தேன்: 4.7 ஓம். அது சோக் இல்லை, ரெசிஸ்டர்.

4.7 மைக்ரோஹென்றி சோக்குக்கும் பெரும்பாலும் இதே பட்டைகள்தான். ஆனால் சோக் என்றால் மீட்டர் வழக்கமாக ஒரு ஓமுக்குக் கீழே காட்டும். சாலிடர் வைப்பதற்கு முன் அளந்து பாருங்களேன், பத்து நொடி வேலை.

“காயில்தான் வேண்டாமே, அப்புறம் எதைப் போட்டால் என்ன?” என்று கேட்கிறார்கள். ஐயா, காயில் உள்ளேதான் இருக்கிறது! நீங்கள் சுற்ற வேண்டியதைத் தொழிற்சாலையில் சுற்றி, மேலே பூசி, ரெசிஸ்டர் மாதிரி ஆக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த 4.7 மைக்ரோஹென்றியோடு 100 பைக்கோஃபாரட் சேர்ந்தால் சுமார் 7.3 மெகாஹெர்ட்ஸ், அதாவது 41 மீட்டர் பாண்டு. அதை எடுத்துவிட்டால் நிலையத்தைப் பிரித்தெடுக்க அங்கே எதுவுமே இல்லை.

பெரிதாகப் போட்டால் நன்றாக இழுக்கும் என்று 1 மில்லிஹென்றி சோக்கை வைப்பவர்கள் இன்னொரு ரகம். அத்தனை சுற்றுகளுக்கு இடையே தேங்கும் கெப்பாசிட்டன்ஸ் போதும். 7 மெகாஹெர்ட்ஸில் அது சோக்காகவே இருக்காது, கெப்பாசிட்டராகிவிடும்.

கையால் நன்றாகச் சுற்றிய காயில் நிலையங்களைப் பிரிக்கும் கூர்மை சோக்குக்குக் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்கப் பொறியாளர் ஆர்ம்ஸ்ட்ராங் 1914-இல் காப்புரிமை பெற்ற ரீஜெனரேஷன், அதாவது பெருக்கிய சிக்னலில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளேயே ஊட்டும் முறை, அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். கால்பிட்ஸ் வகைச் சுற்றாக எடுங்கள். சிக்னலைத் திரும்ப ஊட்டத் தேவையான நடுமுனையை அதில் இரண்டு கெப்பாசிட்டர்களே தந்துவிடும். காயிலின் நடுவிலேயே முனை எடுக்கும் ஹார்ட்லி வகைச் சுற்றின் படத்தை வைத்துக்கொண்டு, சோக்கைச் சுரண்டி நடுவில் ஒயர் ஒட்டப் பார்த்தவரும் உண்டு. சிரிக்கவில்லை, போர்டு என் மேசையில்தான் இருந்தது.

போர்டில் இரண்டு சோக்குகள் இருந்தால், ஒரே திசையில் பக்கத்தில் பக்கமாக ஒட்டி வைக்காதீர்கள், ஒன்றைக் குறுக்கே திருப்புங்கள். கால்களைக் குட்டையாக வெட்டுங்கள். ரீஜெனரேஷன் பகுதியில் ஆன்டெனாவை நேராக மாட்டினால், அது விசிலடிக்கும்போது உங்கள் ரேடியோவே அலைகளை வெளியே அனுப்ப ஆரம்பித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் பெருக்கி போடுங்கள். 9 வோல்ட் பேட்டரி போதும், டிரான்ஸ்பார்மர் இல்லாமல் மெயின்ஸிலிருந்து எடுக்கும் சப்ளை பக்கமே போகாதீர்கள். மழை மேகம் கட்டி வானம் இருட்டினால் வெளி ஆன்டெனாவைக் கழற்றி வையுங்கள். இடி கேட்ட பிறகு அதைத் தொடப் போக வேண்டாம், தயவுசெய்து.