கட்டியைப் பட்டினி போடுவதாக நினைத்து அம்மாவைப் பட்டினி போடாதீர்கள்

கட்டி வளரும் என்று பயந்து புரதத்தை நிறுத்தியவர்கள் இந்த வாரம் மட்டும் மூன்று பேர். மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. மூன்றாவதாக வந்த அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், இரண்டு கீமோ முடிந்திருக்கிறது. 30 வருடம் ரப்பர் பால்மரம் சீவிய கை. பிடித்தால் எலும்புதான் தட்டுப்பட்டது.

"என்னக்கா சாப்பிடுறீங்க?"

"கஞ்சித் தண்ணி, துரியான் பெலாண்டா (முள்சீத்தா) இலைக் கஷாயம். முட்டை, மீன், கோழி எல்லாம் நிறுத்தியாச்சும்மா. புரதம் சாப்பிட்டா கட்டி வளருமாமே, மகன் வாட்சாப்ல காட்டினான்."

எடை இறங்கியதால் அடுத்த கீமோ தள்ளிப் போய்விட்டது.

அந்தத் தகவலில் பாதி உண்மை இருப்பதுதான் வினை. புரதம் செரித்தால் கிடைப்பது அமினோ அமிலம்; புற்றுச் செல்களுக்கு அந்தப் பசி அதிகம், சரி. நீங்கள் சாப்பிடுவதை நிறுத்தினால் என்ன நடக்கும்? இரத்தத்தில் அமினோ அமிலம் வற்றிவிடாமல் இருக்க உடம்பு தன் தசையையே கரைத்துக் கொடுக்கும். கட்டி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். தட்டில் முட்டையை நிறுத்தினீர்கள், அது உங்கள் தொடையிலிருந்து தின்கிறது. இதை நான் எத்தனை வீட்டில்தான் சொல்வது!

வாடுவது கட்டியல்ல, உங்களுக்காகப் போராடும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். புற்றைக் கண்டுகொண்ட டி செல் மளமளவென்று பெருக வேண்டும். குளுட்டமின், அர்ஜினின், டிரிப்டோஃபேன் போன்ற அமினோ அமிலங்கள் எல்லாம் அதற்குத் தேவை. பல கட்டிகள் ஐடிஓ என்ற நொதியால் டிரிப்டோஃபேனை உடைத்து, டி செல்களைச் சோர்வாக்கும் கைனுரெனினாக மாற்றுகின்றன. அந்த நொதியை அடைக்கும் மருந்தை நோய் எதிர்ப்புச் சிகிச்சையோடு சேர்த்து மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு, 2018இல் கூடுதல் பலன் இல்லாமல் முடிந்தது. மருந்து கொடுத்தே சுலபமாகத் திருப்ப முடியாததைக் கஞ்சித் தண்ணியால் திருப்ப முடியாது.

இரத்தப் புற்றுநோயில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைக் குறைத்துக் குணப்படுத்துகிறார்களே என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அங்கே அதை உடைக்கும் அஸ்பராஜினேஸ் என்ற நொதியை ஊசியாகப் போடுகிறார்கள், ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில், வேறு மருந்துகளோடு சேர்த்து. சோற்றுத் தட்டில் அதைச் செய்ய முடியாது.

புற்றுநோயாளிகளுக்கான ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதல், எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதம் கேட்கிறது. 50 கிலோ உள்ளவருக்கு 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். விலை உயர்ந்த புரத மாவு டின் தேடாதீர்கள். தெம்பே (புளிக்கவைத்த சோயா), தௌஹு (சோயா கட்டி), நெத்திலி, பருப்பு போதும். சைவமா? தாராளமாக முடியும். கீமோ நேரத்தில் கடை அரைவேக்காட்டு முட்டை வேண்டாம், நன்றாக வேகவையுங்கள். அர்ஜினின், குளுட்டமின் தூளை நீங்களாக வாங்கிக் கலக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள், எழுதி வையுங்கள்.

தம்பி, தங்கச்சிகளே, உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. அப்படி ஒரு தகவல் வந்தால், அம்மா தட்டிலிருந்து எதையும் எடுக்கும் முன் போனைக் கையோடு கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.