திசைவி: ரவுட்டருக்கு ஏற்ற தமிழ்ச் சொல்

வீட்டுக்குள் வருவது ஒரே ஓர் இணைய இணைப்பு. கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, அச்சுப்பொறி எல்லாம் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பங்கு பிரித்துக் கொடுக்கும் பெட்டியைச் சிலர் மோடம் என்கிறார்கள், சிலர் ரவுட்டர் என்கிறார்கள், பலர் வைஃபை பாக்ஸ் என்கிறார்கள். இணைப்பு நின்றுபோனால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "வைஃபை வரல."

மோடம், ரவுட்டர், வைஃபை மூன்றும் மூன்று தனித்தனி வேலைகளின் பெயர்கள். மூன்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்து விற்பதால் பெயர்களும் கலந்துவிட்டன. இணையத்தைப் பங்கிடுவது இவற்றில் ரவுட்டர் மட்டுமே. கம்பியில் வந்தாலும் காற்றில் வந்தாலும் எந்தக் கருவிக்கும் பங்கு கிடைப்பது அதன் வழியாகத்தான். ஆகவே அந்தச் சொல்லில் இருந்து தொடங்குவோம்.

'எந்த ரூட்டுல போகலாம்?' என்று நாம் அன்றாடம் கேட்கிறோமே, அதே ரூட்டுதான் ரவுட்டரிலும் இருக்கிறது. ஆங்கிலத்திலேயே அந்தச் சொல்லுக்கு ரூட், ரவுட் என்று இரண்டு உச்சரிப்புகள் உண்டு. பாதைக்கு ஒன்றையும் பெட்டிக்கு இன்னொன்றையும் நாம் எடுத்துக்கொண்டதால், இரண்டும் ஒரே சொல் என்பது காதில் படுவதில்லை. பழைய பிரெஞ்சு வழியாக வந்த இதன் வேர் லத்தீனில் இருக்கிறது. 'ருப்தா' என்றால் உடைக்கப்பட்டது. 'வியா ருப்தா' என்றால் தடைகளை உடைத்துத் திறந்த பாதை. மரவேலையில் பள்ளம் பறிக்கும் ரவுட்டர் வேறு வேரில் இருந்து வந்தது, இதற்கு உறவில்லை.

கணினி உலகில் இந்தப் பெயர் நிலைபெறச் சில காலம் ஆனது. இணையத்தின் முன்னோடியாக 1969இல் தொடங்கிய ஆர்ப்பாநெட்டில், தரவுப் பொட்டலங்களை, அதாவது சிறு சிறு துண்டுகளாகப் பிரித்த தரவை, அனுப்பிவைத்த கணினிகளுக்கு ஐ.எம்.பி. என்று பெயர். பிறகு வெவ்வேறு பிணையங்களை (நெட்வொர்க்) ஒன்றோடொன்று இணைக்க வைத்த கருவியைக் கேட்வே, அதாவது நுழைவாயில், என்றார்கள். ஐ.பி. எனப்படும் இணைய நெறிமுறையை வரையறுத்த 1981ஆம் ஆண்டு ஆவணத்திலும் கேட்வே என்றுதான் இருக்கிறது. அந்தப் பழைய பெயர் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. கணினியின் பிணைய அமைப்புகளைத் திறந்தால் 'டீஃபால்ட் கேட்வே' என்று ஒரு வரி தெரியும். அதற்கு நேரே இருப்பது உங்கள் வீட்டு ரவுட்டரின் முகவரி.

சரி, தமிழில் என்ன சொல்வது? வழிச்செலுத்தி, வழிப்படுத்தி, திசைவி என்று சில சொற்கள் புழக்கத்தில் உள்ளன. முதல் இரண்டும் ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பெயர்ப்புகள்: ரூட்டு என்றால் வழி, வழியில் செலுத்துவது வழிச்செலுத்தி. இலக்கணப்படியும் குறையில்லை. செலுத்து, படுத்து என்ற வினைகளோடு 'இ' சேர்ந்து கருவியின் பெயர் பிறக்கிறது. துருவு துருவி ஆனதும் விசிறு விசிறி ஆனதும் இப்படித்தான். திசைவிக்கு அந்த வசதி இல்லை. திசை பெயர்ச்சொல், 'திசைவு' என்று ஒரு வினை தமிழில் கிடையாது. இதைக் காட்டி அந்தச் சொல்லை ஒதுக்குகிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இருந்தும் நான் திசைவியைத்தான் தேர்ந்தெடுப்பேன். காரணம், அந்தக் கருவி உண்மையில் செய்யும் வேலை. ஒரு பொட்டலம் போய்ச் சேரும் வரையுள்ள முழு வழியையும் எந்த ரவுட்டரும் வகுத்துக் கொடுப்பதில்லை. பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும் முகவரியைப் பார்க்கிறது, தன்னிடம் உள்ள அட்டவணையோடு ஒப்பிடுகிறது, அடுத்து எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று மட்டும் முடிவு செய்கிறது. வழி கேட்பவரிடம் "அந்தப் பக்கமா போங்க, அங்க போய்க் கேளுங்க" என்று கை நீட்டுபவரைப் போல. அடுத்த ரவுட்டரும் அதையே செய்கிறது. இப்படிப் பல கை மாறிய பிறகு பார்த்தால்தான் வழி என்று ஒன்று உருவாகியிருக்கும். ஒரு தனிக் கருவி தருவது திசை. அந்த அளவில் ஆங்கிலச் சொல்லைவிடத் தமிழ்ச் சொல் வேலைக்கு நெருக்கமாக நிற்கிறது. மூன்று எழுத்து என்பதால் நாவுக்கும் எளிது.

ஆற்றுப்படுத்துதல் என்ற பழஞ்சொல்லையும் எண்ணிப் பார்க்கலாம். ஆறு என்றால் வழி. பரிசு பெற்றுவந்த பாணன் இன்னொரு பாணனுக்கு வள்ளலிடம் போகும் வழியைச் சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை. பொருள் அவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அந்தச் சொல்லை இன்று மனநல ஆலோசனைக்குப் பயன்படுத்துகிறோம். அதை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

வீட்டுத் திசைவிக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு; பங்கிடுதல் என்று நாம் சொல்வது அதைத்தான். இணையச் சேவை நிறுவனம் வீட்டுக்குத் தருவது பெரும்பாலும் ஒரே ஒரு முகவரி. ஐ.பி. நான்காம் பதிப்பில் இருக்கக்கூடிய முகவரிகளே ஏறத்தாழ 430 கோடிதான், ஆளுக்கு ஒன்று கொடுத்தால்கூடப் போதாது. ஆகவே திசைவி வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு 192.168 என்று தொடங்குவது போன்ற தனி முகவரிகளைக் கொடுத்து வைக்கிறது. இவை வெளியே செல்லாது. உள்ளிருந்து ஒரு பொட்டலம் கிளம்பும்போது திசைவி அந்த உள்முகவரியை நீக்கி, வீட்டின் பொதுமுகவரியை எழுதி, எந்தக் கருவியுடையது என்பதை ஓர் எண்ணோடு குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்து உரிய கருவியிடம் சேர்க்கிறது. முகவரிப் பெயர்ப்பு எனப்படும் இந்த உத்தி 1994இல் ஆவணமானது. பத்துக் கருவிகள் இருக்கும் வீடு வெளியுலகுக்கு ஒரே கருவியாகத் தெரிவது இதனால்தான்.

சுவிட்ச் என்ற சிறு பெட்டியைப் பற்றிப் பலருக்கு வரும் குழப்பமும் இங்கே தீர்ந்துவிடும். சுவிட்ச் கம்பித் துளைகளின் எண்ணிக்கையைக் கூட்டும், பங்கிடாது. மோடத்தில் இருந்து வரும் கம்பியை நேராக அதில் செருகினால் பெரும்பாலும் ஒரு கணினிக்குத்தான் இணையம் கிடைக்கும். திசைவிக்குப் பின்னால் சுவிட்சை வைத்தால் எல்லாக் கருவிகளுக்கும் கிடைக்கும்.

மோடம் என்பது இரண்டு சொற்களின் தலையை வெட்டி ஒட்டியது: மாடுலேட்டர், டிமாடுலேட்டர். பண்பேற்றுவதும் பண்பிறக்குவதும், அதாவது தரவைக் குறிகையில் (சிக்னல்) ஏற்றுவதும் அதிலிருந்து இறக்குவதும், அதன் வேலை. வெளியே இருந்து வரும் குறிகையைக் கணினிக்கு இணக்கமாக மாற்றித் தருவதால் இணக்கி என்று தமிழில் பெயர் வைத்தார்கள். நல்ல சொல். கண்ணாடி இழை இணைப்பில் அந்த இடத்தில் வேறு கருவி இருக்கிறது, ஆனாலும் பேச்சில் மோடம் என்ற பெயர் போகவில்லை.

அப்புறம் கம்பியும் காற்றும். வைஃபை என்பதற்கு 'வயர்லெஸ் ஃபிடெலிட்டி' என்று விரிவு சொல்கிறார்கள். பெயர் அதிலிருந்து பிறக்கவில்லை. அந்தத் தொழில்நுட்பத் தரத்தின் 802.11 என்ற எண்ணை யாரும் வாயில் நுழைக்க மாட்டார்கள் என்பதால், 1999இல் பெயர் உருவாக்கித் தரும் நிறுவனம் ஒன்றிடம் சொல்லி, ஹை-ஃபை என்பதன் ஒலியை ஒட்டி அமைத்த வணிகப் பெயர் அது. பொருள் பிறகு ஒட்டவைக்கப்பட்டது. வேரே இல்லாத ஒரு சொல்லுக்குத் தமிழில் அருகலை என்று வேருள்ள ஒன்று கிடைத்திருக்கிறது. அருகு, அலை இரண்டும் சேர்ந்தது. அருகில் மட்டும் எட்டும் அலை என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. கம்பியில்லா இணைப்பு என்ற தொடர் எது இல்லை என்று மட்டும் சொல்லும்.

கம்பி வழி இணைப்பின் தொழில்நுட்பப் பெயர் ஈதர்நெட். 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் வைத்த பெயர் இது. ஒளி அலைகளைத் தாங்கிச் செல்வதாக ஒருகாலத்தில் நம்பப்பட்ட ஈதரின் பெயரை அவர் எடுத்துக்கொண்டார். அப்படி ஒன்று இருப்பதற்கான தடயம் 1887இல் நடந்த மைக்கல்சன், மோர்லி சோதனையில் கிடைக்கவில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. ஈதர்நெட்டுக்கு வித்திட்டது ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் 1971இல் இயங்கத் தொடங்கிய அலோகாநெட். அது வானொலி அலைகளில் ஓடிய பிணையம். ஆக, கம்பித் தொழில்நுட்பம் பெயரை விண்வெளியில் இருந்தும் உத்தியைக் காற்றில் இருந்தும் பெற்றிருக்கிறது. ஈதர்நெட்டை ஈதர்நெட் என்றே சொல்லலாம், ஈதர்வலை என்று பாதி பெயர்ப்பதால் எதுவும் விளங்கப் போவதில்லை. லேன் கேபிளுக்கு மட்டும் வடம் என்ற சொல் மிகப் பொருத்தம். கேபிள் என்பதற்கும் பழைய பொருள் தடித்த கயிறுதான்.

வடத்துக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு முறுக்கிய இணைகளாக. கேட் 5இ வகை வடம் 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட் தரும். ஒவ்வொரு கருவிக்கும் தனி வடம் என்பதால் ஒன்றை ஒன்று தடுப்பதில்லை, ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியும். அருகலையில் ஒரே அலைவரிசையில் இருக்கும் கருவிகள் முறை வைத்துப் பேச வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளின் அலைகளோடும் மைக்ரோவேவ் அடுப்போடும் மோதும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைக் கண்டால் தளரும். இடம் மாறாத கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் வடம் போட்டுவிட்டால், கையோடு நடமாடும் கருவிகளுக்கு அருகலையில் நெரிசல் குறையும்.

அடுத்த முறை 'வைஃபை வரல' என்று யாராவது சொன்னால் ஒரு மடிக்கணினியை வடத்தால் திசைவியோடு இணைத்துப் பாருங்கள். இணையம் வந்தால் குறை அருகலையில். இணையம் வராமல், திசைவியின் அமைப்புப் பக்கம் மட்டும் திறந்தால் திசைவி உயிரோடுதான் இருக்கிறது. இணக்கியையும் வெளியில் இருந்து வரும் இணைப்பையும் பார்க்க வேண்டும். அந்தப் பக்கமும் திறக்காவிட்டால் முதலில் வடத்தை மாற்றுங்கள், பிறகு திசைவியை அணைத்து மறுபடி போடுங்கள்.